சம்பள உயர்வு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த மகனுக்கு

சதீசு, உனக்குக் கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வாய். அது உங்கப்பா வழி. எனக்குக் கோபம் வந்தால் யாரிடமாவது கொட்டியாக வேண்டும். இன்றைக்குக் கொட்ட ஆள் இல்லை. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இடது கையை டயாலிசிஸ் மிஷினுக்குக் கொடுத்துவிட்டு, வலது கையால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிரஷர் ஏறுது, போனை வைங்கக்கா என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஏறட்டும். உன் வாட்ஸ்அப்பில் போட்டால் பார்க்காத மாதிரியே இருந்துவிடுவாய், நீல டிக்கைக்கூட அணைத்து வைத்திருக்கிறவன் நீ. அதனால் ஊரே படிக்கிற மாதிரி ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன். என்னைப் போலக் காப்பீட்டு கார்டை உயிர் மாதிரி மடியில் கட்டிக்கொண்டு திரிகிற மற்ற ஜனங்களும் படிக்கட்டும். அவர்கள் பிள்ளைகளும் படிக்கட்டும்.

போன வாரம் இங்கிருந்து திண்டிவனம் திரும்பும்போது, உன் கம்பெனியில் உன் லைனிலேயே வேலை செய்கிற செல்வி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண். என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு ஜன்னல் சீட்டைக் கொடுத்தாள். சீட்டு மாறி உட்கார்ந்ததும், உங்க புள்ள இப்படிப் பண்ணிட்டானேக்கா என்று ஆரம்பித்தாள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எந்தப் பொண்ணு என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பொண்ணா இருந்தா நான் ஏங்கா பேஜாராவப் போறேன். பர்மனென்ட் குடுத்தாங்க, லைன் லீடர் போஸ்ட்டு. வேணாம், கான்ட்ராக்ட்லயே இருந்துக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்து வயர் கட்டிக்கினு இருக்கான். எச்.ஆரு ஏன்பான்னு கேட்டதுக்கு, வீட்ல ஒரு பிரச்சினைன்னானாம்.”

அந்தப் பிரச்சினை நான். லெட்டர் இன்னும் வரவில்லை, வந்தால் சொல்கிறேன் என்று நீ தினமும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதை நம்பிக்கொண்டு, உனக்கு டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்த பிரச்சினை. கூட்டேரிப்பட்டு தாண்டும் வரை நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் அது எவ்வளவு மோசமான கோபம் என்று உனக்குத் தெரியும். செல்விக்குத் தெரியாது. அவள் பாவம், உடம்புக்கு முடியலையாக்கா என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அளவு பார்த்துத் தண்ணீர் குடிக்கிறவளிடம் முழு பாட்டில். அதைத் தள்ளிவிட்டு ஒன்றுதான் கேட்டேன், இன்னும் மாற்ற முடியுமா என்று. மாசக் கடைசி வரைக்கும் அந்த பேப்பர் எச்.ஆர். மேசையில்தான் இருக்கும், அதற்குள் நீயே போய் மாற்றி எழுதிக்கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்றாள். மாசம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. அதனால்தான் இந்த அவசரம்.

நீ போட்ட கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. பத்தாவதைப் பாதியில் விட்டவள் என்றாலும் இந்தக் கணக்கு தெரியும். என் கார்டு ஏழைக் குடும்பத்துக்கு அரசாங்கம் கொடுப்பது. குடும்ப வருமானம் ஒரு கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ரேஷன் கார்டில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு குடும்பம். நீ பர்மனென்ட் ஆனால் உன் சம்பளச் சீட்டு மட்டும் போதும், நாம் கோட்டைத் தாண்டிவிடுவோம். தாண்டினால் கார்டு போகும். கார்டு போனால் மிஷின் போகும். உன் புதுச் சம்பளம் முழுவதையும் கொண்டுவந்து இங்கே கொட்டினாலும் மிஷினுக்கும் ஊசிக்கும் பற்றாது. வெளியில் இன்சூரன்ஸ் போடலாம் என்றால், கிட்னி போனவளுக்கு எவனும் போட மாட்டான். உன் கம்பெனியில் பர்மனென்ட் ஆட்களுக்கு இன்சூரன்ஸ் உண்டே என்று விசாரித்தோம். உண்டுதான். பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும். அம்மா அப்பாவுக்கு இல்லை. உனக்கு இல்லாத பெண்டாட்டிக்கு வைத்தியம் இருக்கிறது, இருக்கிற அம்மாவுக்கு இல்லை. அதைப் படித்துக்காட்டிய அன்று நாம் மூன்று பேரும் சிரித்தோம். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சம்பளம் ஏறினால் குடும்பம் ஏழையாகிறது. இதை எந்த ஊர் நியாயத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த கார்டை நான் குறை சொல்லவில்லை. அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உன் பெரியப்பா மாதிரி ஆட்கள் என் வார்த்தையையே எடுத்து எங்கள் மேலேயே எறிவார்கள். இது இல்லையென்றால் நான் இன்றைக்கு இல்லை. எனக்கும் உனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பார்க்காத வேலை இல்லை. விழுப்புரத்தில் ஜவுளிக்கடை, திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை உடைக்கிற மிஷின், குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற வீடுகளில் ரூம் சுத்தம், அப்புறம் ஷூ கம்பெனி. எதிலும் நிலைத்ததில்லை. யாராவது ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் துப்பட்டாவை உதறிக்கொண்டு வந்துவிடுவேன். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். பாத்ரூம் போனால் முறைப்பார்கள். அதனால் தண்ணீரே குடிக்க மாட்டேன். மண்டை இடிக்கும். ஒருநாள் லீவு போட்டு டாக்டரைப் பார்த்தால் அந்த நாள் சம்பளம் போகும் என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவேன். அது பிரஷர், அது கிட்னியைத் தின்றுகொண்டிருக்கிறது என்று யார் சொன்னார்கள்? நான் நின்றுகொண்டு வேலை செய்த வரைக்கும் எந்த கார்டும் என்னை எட்டிப் பார்க்கவில்லை. படுத்த பிறகுதான் வந்தது. வந்து என்னை எழுப்பி உட்கார வைத்தது, அதுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் உட்கார்ந்தவள் எழுந்து நடக்கப் பார்த்தால் காலைப் பிடித்து இழுக்கிறது. அங்கேதான் எனக்கு எரிகிறது.

மாவு வியாபாரத்தை எடுத்துக்கொள். டயாலிசிஸ் ஆரம்பித்த முதல் வருஷம் நான் பாயை விட்டு எழவில்லை. அப்புறம் உடம்பு தேறி, சும்மா இருக்க முடியாமல் கிரைண்டர் போட்டேன். நம் தெருவுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது, மேம்பாலம் பக்கத்துக் கடைகள் வரைக்கும் போனது. ஒரு பெரிய கடைக்காரர் ஆள் அனுப்பி, பாக்கெட்டில் பெயர் அச்சடித்து லைசென்ஸ் எடுத்துக் கொடுங்கள், நாள் தவறாமல் எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. பெயர்கூட யோசித்துவிட்டேன், உன் தங்கை பிறந்திருந்தால் வைத்திருப்பேனே அந்தப் பெயர். வருமானச் சான்று புதுப்பிக்கப் போன இடத்தில் ஒருவர், நல்ல மனிதர்தான், தொழில் என்று பேப்பரில் ஏறினால் அடுத்த தடவை கையெழுத்துப் போட எனக்குக் கஷ்டம்மா என்று காதோடு சொன்னார். திரும்பி வந்து கடைக்காரரிடம் உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. நீ அப்போது ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தாய். கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் அப்படிச் செய்ததைப் பார்த்துத்தான் நீயும் கற்றுக்கொண்டாய் என்று இப்போது நினைத்தால் கையில் இருக்கிற ஊசியைப் பிடுங்கி எறியலாம் போல வருகிறது.

இந்த அறையில் படுத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. எனக்கு அடுத்த கட்டில் மரக்காணம் பக்கத்துக் குப்பத்து அண்ணன். கடலுக்குப் போனவர், இப்போது கரையில் வலை பார்க்கிறார். அவர் மகள் நர்சிங் முடித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இத்தனை வருஷமாகியும் பேப்பரில் அவள் டிரெய்னிதான். அவளே கேட்டு அப்படி வைத்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் வந்த பெண்கள் எல்லாம் ஸ்டாஃப் ஆகி, துபாய் போய், வீடு கட்டிவிட்டார்கள். நான் ஒரு தடவை, அண்ணே, அந்தப் பொண்ணைப் போகச் சொல்லுங்க என்று சண்டை போட்டேன். அவர் சத்தமே இல்லாமல் சொன்னார்.

“சொன்னேம்மா. உனக்கு சம்பளம் ஏறினா எனக்கு மிஷின் நின்னுடும், நின்னா நின்னுட்டுப் போவுது, நீ போன்னேன். அவ ரெண்டு நாளு சோறு துன்னல. அப்பறம் நான் சொல்றதையே விட்டுட்டேன்.”

இவர்களைத்தான் சோம்பேறி என்கிறார்கள். வல்லத்தில் உன் பெரியப்பா வீட்டுக் காதுகுத்தில் நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது, நீ பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாய். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாலு பேரிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்தார். அரிசி ஓசி, பஸ் ஓசி, இப்போது ஆஸ்பத்திரியும் ஓசி, அப்புறம் எவன் வேலைக்கு வருவான், மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்காமல் மண்ணிலேயே முளைத்துவிட்டது என்று. நான் தாம்பூலத் தட்டை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

“மாமா, டயாலிசிஸ் ஓசின்னு சொல்லிட்டு யாரும் கிட்னியக் கெடுத்துக்கினு வரல. உங்க கண்ணு ஆபரேசன் எந்த கார்டுல ஆச்சுன்னு அக்காவைக் கேளுங்க. கெணறும் நெலமும் வச்சிக்கினு ஏழைன்னு எழுதி வாங்கினீங்களே, அப்பறம் நீங்க ஏரோட்டாம படுத்துட்டீங்களா இன்னா?”

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். உங்கப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, தான் ஓட்டுகிற லோடு ஆட்டோவில் ஏற்றினார். வழி முழுக்கத் திட்டினார். திண்டிவனம் நெருங்கும்போது, கண்ணு ஆபரேஷன் விஷயம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அது இருக்கட்டும். என் கேள்வி இதுதான். நிலம் பத்திரத்தில் இருக்கிறவன் வருமானத்தை மறைக்கலாம், கிணற்றுக்கு யாரும் சம்பளச் சீட்டு கொடுப்பதில்லை. வட்டிக்கு விடுகிறவன் மறைக்கலாம். மாசச் சம்பளத்துக்கு முறையாகக் கையெழுத்துப் போடுகிறவன் மட்டும்தான் மாட்டிக்கொள்கிறான். நேராக உழைக்கப் போகிறவனுக்குத்தான் கோடு. கைச்சம்பளமாக, சீட்டு இல்லாமல், கணக்கில் இல்லாமல் வேலை செய் என்று நம் பிள்ளைகளை விரட்டிவிட்டு, அப்புறம் கான்ட்ராக்ட் பசங்க முன்னுக்கு வர மாட்டேங்கறானுங்க என்று பேச்சு. உன் லைனில் பக்கத்தில் நிற்கிற பர்மனென்ட் ஆளுக்கு நீலச் சட்டை, உனக்குச் சாம்பல் சட்டை, வேலை ஒன்றுதான். அந்த நீலச் சட்டை உன் அளவுக்கே வந்திருந்ததாம். செல்வி சொன்னாள். நீ தொட்டுக்கூடப் பார்க்கவில்லையாம்.

நாம் முறையாகவும் முயன்றோம் என்பதை ஊர் தெரிந்துகொள்ளட்டும். பர்மனென்ட் வரப்போகிறது என்று காதில் விழுந்ததுமே ரேஷன் கார்டைப் பிரிக்க மனு போட்டோம். நம் பக்கத்தில் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் கார்டைப் பிரிப்பது சகஜம். கல்யாணம் ஆகாத பையனுக்குத் தனிக் கார்டு எதற்கு என்று அங்கே கேட்டார்கள். சண்டை, சேர்ந்திருக்க முடியவில்லை என்று உங்கப்பா பொய் சொன்னார். சரி, தனிச் சமையல் இருக்கிறதா, வந்து பார்ப்போம் என்றார்கள். அதுதான் சட்டம். ஒரே வீட்டில் இருக்கலாம், ஆனால் அடுப்பு இரண்டாக இருக்க வேண்டும். உங்கப்பா கிரைண்டர் அறையில் ஒற்றை அடுப்பும் சின்ன சிலிண்டரும் வாங்கி வைத்தார். உப்பு டப்பா, புளி டப்பா, ஒரு குண்டான், ஒரு கரண்டி. புதுக் குண்டான் சந்தேகம் வரும் என்று அடியில் கரி பூசினார். அந்த மனிதருக்கு அவ்வளவு மூளை உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வந்தது ஒரு பெண் இன்ஸ்பெக்டர். உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வெயிலில் ஸ்கூட்டியில் வந்து முகம் கன்றிப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து நீ காலை ஷிப்டு முடிந்து உள்ளே வந்தாய். அவள் கிரைண்டர் அறையில் நின்றுகொண்டு, இந்த அடுப்பில் யார் சமைக்கிறது என்று கேட்டாள். நான்தாங்க என்றாய். இன்றைக்கு என்ன சமைத்தாய் என்றாள். நீ மேலே பார்த்தாய், கீழே பார்த்தாய், ரசம் என்றாய். அதுவரைக்கும் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஷிப்டு முடிந்து வந்த பிள்ளை வேர்வையோடு நின்றுகொண்டே இருக்கிறது, என் அடுப்பில் கருவாட்டுக் குழம்பு இறக்கி வைத்திருக்கிறது. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை, சதீசு. தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே உன்னிடம் நீட்டினேன்.

“மொதல்ல துன்னுடா. அப்பறம் பேசிக்கலாம்.”

நீயும் வாங்கினாய். வாங்கிப் பிசைந்து ஒரு வாய் போட்ட பிறகுதான் உனக்கு உறைத்தது. உங்கப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் ஃபைலை மூடிவிட்டு, நான் இப்ப இன்னாம்மா எழுதட்டும், நீங்களே சொல்லுங்க என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் போம்மா என்றேன். அவள் மோர் மட்டும் குடித்தாள். ஒரே சமையல் என்று எழுதிக்கொண்டு போனாள். ஒரு வேளை அவன் பட்டினி கிடந்தால் செத்தா போவான் என்று உங்கப்பா ஒரு வாரம் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளை நான் திட்ட மாட்டேன். அவள் பார்த்ததை எழுதினாள். ஆனால் இதையும் பார். உண்மையில் நம் வீட்டில் இரண்டு சமையல்தான். எனக்கு உப்பில்லாமல், பருப்பைக் குறைத்து, காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒன்று. உங்களுக்கு உப்பும் உறைப்புமாக ஒன்று. நோயாளி இருக்கிற எந்த வீட்டிலும் அப்படித்தான். அந்த இரண்டு சமையல் கணக்கில் வராது. பிள்ளைக்குச் சோறு போட்டது கணக்கில் வரும். பிரிந்து கிடக்கிற குடும்பத்துக்கு வைத்தியம் உண்டு, சேர்ந்து சாப்பிடுகிற குடும்பத்துக்குக் கிடையாது என்றால் இது யாருக்காகப் போட்ட கோடு?

எனக்கு யாராவது மைக் கொடுத்தால் ஒன்றே ஒன்று சொல்வேன். நாங்கள் காலம் பூராவும் ஓசியில் கேட்கவில்லை. என் பிள்ளை சம்பளம் கொஞ்சம் ஏறினால் நாங்களும் கொஞ்சம் கட்டுகிறோம். இன்னும் ஏறினால் இன்னும் கட்டுகிறோம். படி வைத்து இறக்கி விடு. மாடியிலிருந்து பிடித்துத் தள்ளாதே. தள்ளுவாய் என்று தெரிந்தால் எவன் மாடி ஏறுவான்? ஏறாமல் கீழேயே நிற்கிறவனைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்லாதே. இவ்வளவுதான். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

ஆனால் கோட்டைப் போட்டவன் மேல் இருக்கிற கோபத்தைவிட உன் மேல் இருக்கிற கோபம் எனக்கு அதிகம். அவனுக்கு என்னைத் தெரியாது. உனக்குத் தெரியும். எனக்காக விட்டுக்கொடுத்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. என்னை உன் கழுத்தில் கட்டிய கல்லாக்கி, அதை என்னிடம் சொல்லாமல் சுமந்துகொண்டு போகலாம் என்று முடிவு பண்ணியிருக்கிறாய். உனக்கு இருபது வயது. நான் எத்தனை வருஷம் இருப்பேன் என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நான் ரொம்ப நாள் இருந்தால், இருந்து தொலைக்கிறாளே என்று ஒருநாள் உனக்குத் தோன்றும். தோன்றாது என்று சத்தியம் பண்ணாதே, நீ மனிதன்தானே. சீக்கிரம் போய்விட்டால், சாம்பல் சட்டையோடு நீ அங்கேயே நிற்பாய், அந்த போஸ்ட்டில் வேறு ஒருவன் இருப்பான். இரண்டில் எதையும் என் தலையில் ஏற்றாதே. என் உடம்புக்கு நான் பொறுப்பு. உன் வேலைக்கு நீ பொறுப்பு.

அதனால் நான் செய்ததைக் கேள். நடிக்கத் தெரியாதவர்கள் நிஜமாகவே செய்துவிட வேண்டியதுதான். விழுப்புரத்தில் இந்த ஆஸ்பத்திரிக்குப் பின் சந்தில் ஒற்றை ரூம் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கீழே பிடித்து ஏற்ற வேண்டும், மற்றபடி மோசமில்லை. உங்கப்பாவுக்கு இங்கே மார்க்கெட்டில் லோடு கிடைக்கிறதாம், முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் நேற்று அவரே போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். கிரைண்டர் இன்று காலை வந்துவிட்டது. நீ ஷிப்டுக்குப் போன பிறகுதான் ஏற்றினோம், நீ இருந்தால் விடமாட்டாய். எங்கள் இரண்டு பேர் பெயரில் இங்கே கார்டு மாற்றிக் கேட்டிருக்கிறோம். உன் பெயர் திண்டிவனம் வீட்டு விலாசத்தில் தனியாக இருக்கட்டும். இதில் பொய் எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மகன் ஓர் ஊர், அப்பா அம்மா ஓர் ஊர். கேட்டது கிடைத்துவிட்டது, அவர்களுக்குத் திருப்தியாக இருக்கட்டும்.

எனக்கு ஊர் மாறுவது புதுசில்லை. உன்னை மட்டும் விட்டுவிட்டு மாறுவது இதுதான் முதல் தடவை. வீட்டில் ஒன்றும் இல்லாமல் போய்விடவில்லை. அரிசி டிரம்மில் இருக்கிறது. சிலிண்டர் புதுசு. சாதம் வைக்க உனக்குத் தெரியாது, பக்கத்து வீட்டில் கேட்காதே, நீயே இரண்டு நாள் கருக்கிவிட்டுக் கற்றுக்கொள். சட்டையை ஊறவைத்துவிட்டு மறந்துபோகாதே. எவளையாவது பார்த்து வைத்திருந்தால் இப்போது சொல்லிவிடு, கம்பெனி இன்சூரன்ஸ் வீணாகப் போகக் கூடாது.

கார்டு மாற்றத்துக்கு இங்கே விசாரணைக்கு வருவார்கள். எந்த நாள், எந்த நேரம் என்று சொல்ல மாட்டார்கள். புது கார்டு கைக்கு வரும் வரை நீ இந்தப் பக்கம் வராதே. கோவிலுக்கு வந்தேன், பஸ் மாற வந்தேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டும் வராதே. வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். திறக்காமல் இருக்க என்னால் முடியும் என்று இப்போது எழுதுகிறேன், உன் குரலைக் கேட்டால் முடியுமா என்று தெரியவில்லை, அதனால்தான் கெஞ்சுகிறேன், வராதே.

மிஷினில் மணி அடிக்கிறது. சிஸ்டர் வந்து கையைக் கழற்றப் போகிறாள். இதை முடித்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். நாளைக்கு உனக்குக் காலை ஷிப்டு. எச்.ஆர். ரூம் திறந்ததும் உள்ளே போ. வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த அந்த பேப்பரைத் திருப்பி வாங்கிக் கிழி. வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. ஏன்பா மனசு மாறிட்ட என்று கேட்டால், எங்கம்மா வீட்டை விட்டுப் போயிட்டாங்க சார் என்று உள்ளதைச் சொல். சொல்லிவிட்டு வெளியே வந்து எனக்குப் போன் பண்ணு. நான் எடுத்ததும் கண்டபடி திட்டுவேன். வைத்துவிடாமல் கேட்டுக்கொண்டிரு, திட்டி முடித்ததும் அழுவேன், அதற்குள் உன் கம்பெனி மணி அடித்துவிடும். நீ லைனுக்குப் போ.